முப்பத்தொரு பேரின் ஒரே தவறு

பீரங்கி சார் வேலைக்கு வந்து சேர்ந்தபோது பெரிய டீச்சருக்கு அவரைத் துளியும் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியையைப் பிள்ளைகள் பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிடிக்கவில்லை என்பதை அந்த அம்மாவே பிற்பாடு ஆசிரியர் அறையில் பத்துப் பேர் முன்னால் சொல்லிச் சிரித்திருக்கிறார், ஆகவே நாம் மூடி மறைக்க ஒன்றுமில்லை. கணக்கு ஆசிரியர் வேண்டும் என்று மேலிடத்துக்கு மூன்று கடிதம் போட்டு, மூன்றும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்க, நான்காவது கடிதத்துக்குப் பதிலாக வந்து நின்றவர் நாற்பத்து நான்கு வயது ஆள். பதினெட்டு வருடம் ராணுவம். அதில் இரண்டு வருடம் நேரடிப் போர். இடது காது சுத்தமாகக் கேட்காது. அதனாலோ என்னவோ, குரல் மட்டும் மூன்று வகுப்பறை தாண்டிக் கேட்கும்.

"இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?" என்று பெரிய டீச்சர் கேட்டார்.

"பீரங்கிப் படை மேடம்."

"நான் கேட்டது பாடம் நடத்தின அனுபவம்."

"பயிற்சிக் கல்லூரியில நாற்பது வகுப்பு எடுத்திருக்கேன். முப்பத்தெட்டு சுமார். ரெண்டு மோசம்."

வேலை கேட்டு வருகிறவர் இப்படியும் பேசுவாரா என்று பெரிய டீச்சருக்கு எரிச்சலாக இருந்தது. இந்த மனுஷன் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்க வைத்து உயிரை எடுக்கப் போகிறார் என்றே முடிவு கட்டினார். வேறு ஆள் இல்லாத காரணத்தால் எடுத்துக்கொண்டார். முதல் இரண்டு வருடம் தகுதிகாண் பருவம். பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் நடையைக் கட்டலாம்.

பீரங்கி என்றதும் நாம் எல்லோரும் நினைப்பதைத்தான் பெரிய டீச்சரும் நினைத்திருந்தார்: நெருப்பு, புகை, முறுக்கு மீசை. சாருக்கு மீசையே கிடையாது. போரில் அவர் பீரங்கியைத் தொட்டதுகூட அபூர்வம். அவருடைய ஆயுதம் ஒரு மடக்கு மேசை, ஒரு வரைபடம், கூராகச் சீவிய நாலு பென்சில். எதிரே இருப்பது எவ்வளவு தூரம், எந்தத் திசை, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கணக்குப் போட்டு, குழாயை எவ்வளவு திருப்ப வேண்டும், எவ்வளவு தூக்க வேண்டும் என்று இரண்டே எண்ணாகச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு எண்ணை நம்பித்தான் குண்டு புறப்படும். புறப்பட்ட பிறகு அழித்து எழுத முடியாது.

படையை விட்டு வந்ததும் ஒரு மாவு ஆலையின் வாசலில் காவல் வேலை கிடைத்தது. ஐந்து வருடம் அந்த வாசலில் உட்கார்ந்து, உடம்பெல்லாம் மாவு படிய, தபால் வழியாகக் கணக்கில் பட்டம் வாங்கினார். பிறகு பயிற்சிக் கல்லூரி. அங்கே கூடப் படித்த பெண்களும் பையன்களும் முதல் நாள் அவரை அங்கிள் என்று கேலி செய்தார்கள். மூன்றாவது மாதம் அதே கூட்டம் நோட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் அலைந்தது. அந்த ஏழு வருடமும் வீட்டை இழுத்துப் பிடித்தவர் அவர் மனைவி. ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர், வாய்க்கொழுப்புக்குப் பேர் போனவர். "எங்க வீட்டுக்காரருக்குக் குழம்புல உப்பு சரியா இருக்குன்னு நான் ஒருத்தி சொன்னாப் பத்தாது. இன்னொருத்தரும் தனியா ருசி பார்த்துச் சொல்லணும்" என்பார்.

பீரங்கி சாரின் வகுப்பே அந்த உப்புக் கதைதான். எந்தக் கணக்கையும் ஒரு பிள்ளை போட்டு முடித்தால் முடிந்துவிடாது. இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து அதே கணக்கைத் தனித்தனியே போட வேண்டும். விடை ஒத்துப்போனால் இருவரும் சேர்ந்து எழுந்திருக்கலாம். ஒத்துப்போகாவிட்டால் யாருடையது தப்பு என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். சார் மூக்கை நுழைக்க மாட்டார். பரீட்சையில் ஜோடி கிடையாதே? அதற்கும் வழி வைத்திருந்தார். ஒரு தடவை போடு, கையால் மறை, இன்னொரு தடவை போடு, இரண்டும் ஒன்றானால் கீழே 'சரிபார்த்தேன்' என்று எழுதிச் சின்னதாக ஒரு கையெழுத்துப் போடு.

முதல் நாளே பெஞ்சுகளை எல்லாம் தன் வலது பக்கமாக நகர்த்திப் போட்டுவிட்டார். "என் இடது பக்கம் யாரும் உட்காராதீங்க. உங்க கேள்வி வீணாப் போயிடும்" என்றார். கேட்காத காதின் பக்கம் உட்கார்ந்து அரட்டை அடிக்கலாம் என்று நினைத்திருந்தவர்கள் அசடு வழிந்தார்கள். ஒரு பிள்ளையைக்கூட அவர் அடித்ததில்லை, மட்டம் தட்டியதில்லை. தப்பான விடையைக் கண்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். "வா, வா, இது எங்க வழி தவறிச்சுன்னு பார்ப்போம்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். கணக்கு என்றாலே வயிற்றுவலி வரும் பிள்ளைகள் எல்லாம் அந்த வருடம் விடுப்பு எடுக்க மறந்தே போனார்கள். பெரிய டீச்சருக்குத் தன் பழைய முடிவை நினைத்து வெட்கமாக இருந்தது. வாய்விட்டுச் சொல்லத்தான் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

இரண்டாவது வருட முடிவில் பொதுத்தேர்வு. எல்லாப் பள்ளிக்கும் முடிவு வந்தது, இவர்கள் பள்ளிக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு திங்கட்கிழமை காலையில் தடித்த உறை ஒன்று வந்தது. கணக்குத் தாளில் முப்பத்தொரு மாணவரும் கூட்டாகப் பார்த்து எழுதியதாகச் சந்தேகம், முடிவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, வெள்ளிக்கிழமை விசாரணை அதிகாரி வருவார், ஒவ்வொருவரையும் தனியே அழைத்து அதே மாதிரிக் கணக்கைக் கொடுத்துச் சோதிப்பார், குற்றம் உறுதியானால் இரண்டு வருடம் யாரும் தேர்வு எழுத முடியாது. படித்ததும் பெரிய டீச்சர் பீரங்கி சாரைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இரண்டு வருடம் என்பது படிப்பே போச்சு என்பதற்குச் சமம். வீட்டில் அதற்குமேல் பொறுக்க மாட்டார்கள்.

உறையோடு விடைத்தாள் நகல்களும் இருந்தன. ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளி இருக்கும் திசைக்கோணத்தைக் கேட்டிருந்தார்கள். சரியான விடை முப்பது. முப்பத்தொரு பேரும் அறுபது என்று எழுதியிருந்தார்கள். படிப்படியாக, ஒரே மாதிரி, இரண்டு தடவை. அதோடு விட்டார்களா? ஒவ்வொருவரும் கீழே 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்து வேறு போட்டிருந்தார்கள். திருத்தியவர் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெரிய ஆச்சரியக்குறி போட்டிருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

பீரங்கி சார் முதல் நகலைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதை எடுக்கவில்லை.

"இது காப்பி இல்ல மேடம். இது நான்தான்" என்றார்.

பெரிய டீச்சர் விழித்தார். சார் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். பாடப்புத்தகத்தின் வழக்கப்படி கோணத்தைப் படுக்கைக்கோட்டிலிருந்து இடப்புறமாக மேலே ஏற்றி அளக்க வேண்டும். பீரங்கிப் படையில் வடக்கிலிருந்து வலப்புறமாகச் சுற்றி அளப்பார்கள். பதினெட்டு வருடம் அப்படி அளந்தவருக்கு வேறு மாதிரி அளக்கலாம் என்ற நினைப்பே வரவில்லை. அந்த வருடம் புதுப் புத்தகம் மூன்று மாதம் தாமதமாகத்தான் வந்தது. "புத்தகம் வர்ற வரைக்கும் சும்மா இருக்காதீங்க, தெரிஞ்சதை நடத்துங்க" என்று சொன்னது பெரிய டீச்சரேதான். தெரிந்ததை நடத்தினார். புத்தகம் வந்தபோது அந்தப் பாடம் முடிந்திருந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகள் சார் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தார்கள். எங்கிருந்து அளக்க ஆரம்பிப்பது என்பதே தப்பு என்றால் நூறு தடவை சரிபார்த்தும் என்ன புண்ணியம்?

மறுநாள் காலை பல் துலக்கும்போதுதான் பெரிய டீச்சருக்கு மூளையில் விளக்கு எரிந்தது. அதிகாரி ஒவ்வொருவரையும் தனி அறையில் சோதிக்கப் போகிறார். தனியே விட்டாலும் பிள்ளைகள் அதே தப்பைத்தான் செய்வார்கள்! பார்த்து எழுதவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? வெள்ளிக்கிழமை வரை யாரும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வாய் கொப்பளித்தும் கொப்பளிக்காமலும் பள்ளிக்கு ஓடினார்.

வகுப்பறையில் முப்பத்தொரு பிள்ளைகளும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். சேதி கேட்டு அலறி அடித்துக்கொண்டு வந்தவர்களை சார் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். பலகையில் பெரிய எழுத்தில் இருந்தது: 'திசைக்கோணம். இதை நான் தவறாகக் கற்றுக்கொடுத்தேன். சரியான முறை இது.' கீழே படம்.

பெரிய டீச்சர் அவரைத் தாழ்வாரத்துக்கு இழுத்து வந்தார். ஆத்திரத்தில் இடது காதுப் பக்கமே நின்று கத்திவிட்டு, பிறகு ஞாபகம் வந்து வலது பக்கம் போய் மறுபடியும் முதலிலிருந்து கத்தினார்.

"மூணு நாள் சார்! மூணே நாள் பொறுத்திருந்தா அந்தப் புள்ளைங்க தானாத் தப்பிச்சிருக்கும். இப்ப வெள்ளிக்கிழமை எல்லாரும் சரியாப் போடுவாங்க. தனியா விட்டா முப்பது, ஒண்ணா உட்கார்ந்தா அறுபதான்னு அவர் கேட்பாரே, என்ன சொல்லப் போறீங்க?"

சாருக்கு அப்போதுதான் உறைத்தது. "இது எனக்குத் தோணவே இல்ல மேடம்" என்றார்.

"சரி, போனது போகட்டும். அவர் முன்னாடி பழையபடியே போடச் சொல்லுங்க."

"அது மட்டும் என்னால முடியாது."

"ஏன் முடியாது? நீங்க நல்லவரா இருக்கிறதுக்கு முப்பத்தோரு புள்ளைங்க பலியாகணுமா?"

சார், மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். போரில் எந்தக் கணக்கையும் இரண்டு பேர் தனித்தனியே போட்டு, இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும். ஒரு நாள் சார் ஒரு எண்ணில் இரண்டு இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டார். கூட இருந்த நண்பன் இரண்டு நாள் தூங்காதவன், சார் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டான். குண்டு தங்கள் ஆட்கள் இருந்த இடத்திலேயே விழுந்தது. சமையல்காரர் ஒருவருக்குக் கால் போயிற்று.

"யார் போட்ட கணக்குன்னு கேட்டாங்க மேடம். நான் வாயைத் திறக்கல. சரிபார்க்க வேண்டியவன் அவன்தானேன்னு பழி அவன் தலையில விழுந்தது. நான் எழுந்து சொல்றதுக்குப் பதினோரு நாள் ஆச்சு. அதுக்குள்ள அவனைப் படையை விட்டே அனுப்பிட்டாங்க. நான் சொன்னதுக்கு அப்புறமும் திரும்பக் கூப்பிடல. நேத்து ராத்திரி எனக்கு வேற எதுவும் தோணல. சொல்ல வேண்டியதை இன்னைக்கே சொல்லிடணும்னு மட்டும்தான் இருந்தது."

பெரிய டீச்சர் அவரை மன்னிக்கவில்லை. ஆனால் அதற்குமேல் திட்டவும் வாய் வரவில்லை. பழையபடி போடச் சொல்லித் தானே பிள்ளைகளிடம் சொல்லிவிடலாமா என்று புதனும் வியாழனும் தவியாய்த் தவித்தார். இரண்டு தடவை வகுப்பறை வாசல் வரை போனார். பலகையில் அந்த வரியை யாரும் அழிக்காமல் விட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு உள்ளே போய் வேறொன்றைச் சொல்ல அவராலும் முடியவில்லை. பீரங்கி சார் மட்டும் தவறு தன்னுடையதே என்று அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார்.

வெள்ளிக்கிழமை விசாரணை அதிகாரி வந்தார். ஒடிசலான மனிதர், சிரிப்புக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். சாரின் கடிதத்தைப் படித்து ஓரமாக வைத்தார். "புள்ளைங்களைக் காப்பாத்த எந்த வாத்தியாரும் இதைத்தான் எழுதுவார்" என்றார். சாரை வெளியே மரத்தடி பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். பெரிய டீச்சர் மூலையில் உட்காரலாம், மூச்சுவிடக் கூடாது.

முதலில் வந்தவள் வகுப்பிலேயே பெரிய வாயாடி. பஸ் பழுதுபார்க்கும் மெக்கானிக்கின் மகள். கணக்கில் சுமார், பேச்சில் கெட்டிக்காரி. அதிகாரி கணக்கைக் கொடுத்தார். அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு, "சார், இப்ப சரியாப் போடட்டுமா, பரீட்சையில போட்ட மாதிரி போடட்டுமா?" என்று கேட்டாள்.

பெரிய டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"அது எங்க சார் தப்பாச் சொல்லிக் கொடுத்தது. இது செவ்வாய்க்கிழமை திருத்திச் சொன்னது." இரண்டு படமும் மளமளவென்று வரைந்தாள். ஒன்றில் வடக்கிலிருந்து, ஒன்றில் படுக்கைக்கோட்டிலிருந்து.

"இப்படிச் சொல்லச் சொல்லி யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல சார். நீங்க என்ன கேப்பீங்கன்னே எங்களுக்குத் தெரியாதே."

"உங்க வாத்தியார் தப்புன்னு சொன்னப்ப எப்படிச் சொன்னார்?"

"முதல்ல பலகையையே பார்த்துக்கிட்டு நின்னார். எங்க பக்கம் திரும்பவே இல்ல. எனக்கு அழுகை வந்துடுச்சு."

அடுத்த பையனிடமும் அதே கேள்வி. அவனுக்கு சார் பலகையைப் பார்த்து நின்றது ஞாபகம் இல்லை. சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்ததுதான் ஞாபகம் இருந்தது. மூன்றாமவள், "நாங்க பரவாயில்ல சார்னு சொன்னோம். பரவாயில்லைன்னு சொல்லாதீங்க, எழுதிக்கோங்கன்னார்" என்றாள். நான்காமவன் நிஜமாகவே தாமதமாக வந்தவன், பாதியைத்தான் கேட்டிருந்தான். அதையும் ஒளிக்காமல் சொன்னான். எல்லோரும் சொன்னது ஒரே விஷயம், ஆனால் ஒருவர் சொன்ன வார்த்தையை இன்னொருவர் சொல்லவில்லை. இருபது வருடமாகப் பொய் கேட்டுக் கேட்டுக் காது பழுத்தவர் அந்த அதிகாரி. சொல்லிக் கொடுத்த பொய் எப்போதும் ஒரே சொல்லில்தான் வரும் என்பது அவருக்குத் தெரியும். ஒரே மாதிரி இருந்ததால் மாட்டிக்கொண்ட பிள்ளைகள், வேறு வேறு மாதிரி பேசியே தப்பித்தார்கள். ஆனாலும் விதி விதிதான், முப்பத்தொரு பேரையும் கூப்பிட்டு முடித்தார்.

வெளியே வந்து பெஞ்சில் இருந்த சாரிடம், "நீங்க செவ்வாய்க்கிழமை பேசாம இருந்திருந்தா என் வேலை சுலபமா முடிஞ்சிருக்கும்" என்றார்.

"மேடமும் அதையேதான் சொன்னாங்க" என்றார் சார்.

முடிவு வெளியானது. பார்த்து எழுதிய குற்றம் தள்ளுபடி, அந்தக் கணக்குக்கு மட்டும் எல்லோருக்கும் சுழியம். முப்பது பேர் தேறினார்கள். வாயாடி மூன்று மதிப்பெண்ணில் விழுந்தாள். அந்தக் கணக்கின் மதிப்பெண் ஐந்து. பட்டியல் வந்த மாலையே பீரங்கி சார் அவள் வீட்டுக்குப் போனார். மெக்கானிக் கையில் கிரீஸோடு வாசலுக்கு வந்தார். "உங்க பொண்ணு தோற்கல. நான்தான் அவளைத் தோற்க வெச்சிட்டேன்" என்று சார் சொன்னதைக் கேட்டு மெக்கானிக்குக்குக் கோபம்தான் வந்தது. வந்த கோபத்தை சார் நின்று வாங்கிக்கொண்டார். மறுநாளிலிருந்து மறுதேர்வு வரை தினமும் மாலை அவளுக்குப் பாடம் நடந்தது. அந்தப் பெண் தேறினாள், அதுவும் நல்ல மதிப்பெண்ணோடு. மெக்கானிக்கின் கோபம் முழுசாகத் தீர்ந்ததா என்று கேட்டால், இல்லை. நியாயம்தான்.

இதற்கிடையில் சாரின் தகுதிகாண் பருவம் முடிந்தது. பள்ளியில் பதினெட்டு ஆசிரியர்கள். ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒரு படிவம், அதில் பத்தொன்பது கட்டங்கள். பதினோராவது கட்டம்: 'கற்பித்தலில் நேர்ந்த பிழைகள்.' பெரிய டீச்சர் தலைமை ஆசிரியை ஆனதிலிருந்து அந்தக் கட்டத்தில் மை பட்டதே இல்லை. சாருடைய படிவத்திலும் அதைத் தாண்டிப் போகத்தான் பேனாவைத் தூக்கினார்.

எதிரே நின்ற சார், "பதினொண்ணைக் காலியா விட்டுடாதீங்க மேடம்" என்றார்.

"எழுதினா உங்க வேலை போயிடும். புரியுதா?"

"விசாரணை ஃபைல்ல இருக்கு. ரெண்டு தாளும் ஒத்துப்போகணும் இல்லையா?"

இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு அந்தச் சலவைக்கூடத்து அம்மா எப்படித்தான் குப்பை கொட்டுகிறாரோ என்று பெரிய டீச்சர் நினைத்தார். எழுதினார். என்ன தவறு, எத்தனை பிள்ளைகள், எத்தனை மதிப்பெண் என்று ஒன்று விடாமல் எழுதினார். புத்தகம் இல்லாமல் நடத்தச் சொன்னதும், நடத்தியதை எட்டிப் பார்க்காததும் தன் தவறு என்பதையும் அதே கட்டத்தில் எழுதினார். இடம் போதாமல் ஓரத்தில் சுற்றி எழுத வேண்டியிருந்தது. கடைசிக் கட்டத்தில், 'நிரந்தரப் பணிக்கு முழுமனதோடு பரிந்துரைக்கிறேன்' என்று முடித்தார்.

பத்து நாளில் படிவம் திரும்பி வந்தது. மேலே ஒரு சீட்டு: பிழை செய்ததாகத் தாங்களே பதிந்துள்ள ஒருவரை எந்த அடிப்படையில் பரிந்துரைக்கிறீர்கள், விளக்கம் தேவை.

பெரிய டீச்சர் அன்றே பதில் எழுதி அனுப்பினார். அடுத்த மாதம் நிரந்தர ஆணை வந்துவிட்டது. பதிலில் அவர் எழுதியது இவ்வளவுதான்:

'என் பள்ளியில் மற்ற பதினேழு பேருக்கும் இந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. எனக்குக் கவலை அவர்களைப் பற்றித்தான்.'